பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

திருவனந்தபுரம்
12.7.2009

மிகுந்த பிரியமுள்ள மைத்துனர் நாகேஸ்வரன் அவர்களுக்கு, நெல்லையப்பன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் நலம். நாகர்கோவிலில் அனைவரும் நலமாயிருக்க ஆற்றுகால் அம்மை அருள வேண்டும்.

தங்கள் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு நானே கார் ஓட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். மன்னிக்கவும், இனி நான் ஸ்டியரிங்கைத் தொடுவதாக இல்லை.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியும் ஒரு கீறல் விழாதவன் நான் என்பது தாங்கள் அறிந்ததே. சென்ற ஞாயிறு நம் கௌசல்யா, கழக்கூட்டத்துக் கம்பெனிச் சம்பளத்தில் வாங்கிய புதுக் காரில் எங்களைப் பொன்முடிக்குக் கூட்டிப் போனாள். உம் அக்காள் செண்பகவல்லி புது வண்டிக்குப் பொட்டு வைக்காமல் விடுவாளா? ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் கண்ணாடியில் குங்குமத்தை அப்பிவிட்டாள். திரும்பும்போது, மலை இறக்கம் ஆயிற்றே என்று நான் சாவியைக் கேட்டு வாங்கினேன். வித்துராவுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவு, நல்ல மழை, திரும்பினால் நடுரோட்டில் எருமை ஓய்! சட்டென்று இடப்பக்கம் ஒடித்து வலப்பக்கம் திருப்பினேனா, வண்டியின் பின்பக்கம் பள்ளத்தைப் பார்த்து வழுக்கிக்கொண்டு போகிறது. பின்சீட்டில் ஐந்து மாத வயிற்றோடு என் பெண் கௌசல்யா. செத்தோம் என்றே நினைத்தேன். பிரேக்கில் நான் காலே வைக்கவில்லை. 'கர்ர்' என்று ஒரு சத்தம். முன்சக்கரம் ஒன்றை மட்டும் யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி நிமிர்ந்து, நல்ல பிள்ளையாக ரோட்டோடு போயிற்று. அதே சமயம் குங்குமப் பொட்டு விட்டுவிட்டு எரிகிறது! "அம்மே பகவதீ, கண்ணைத் தொறந்துட்டியே!" என்று உம் அக்காள் வண்டிக்குள்ளேயே கும்பிட்டாள்.

ஓரமாக நிறுத்தியதும் கௌசல்யா எட்டிப் பொட்டைத் துடைத்தாள். "இதுக்கு அடியில வெளக்கு இருக்கு அம்மா. இது ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலாக்கும். வண்டி வழுக்கினா அதுக்கே தெரியும், வேண்டிய சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். பயப்படண்டா" என்றாள்.

நாலு சக்கரத்தில் ஒன்றுக்கு மட்டும் பிரேக் போட எந்த டிரைவருக்குக் கால் உண்டு? பஸ்ஸில் எனக்கு இருந்தது ஒரே பிரேக் பெடல். என் கையைவிடப் பெரிய கை ஒன்று அந்த வண்டிக்குள் இருக்கிறது, அதன் முன்னால் நான் யார்? லைசென்ஸைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வேறு டிரைவரை ஏற்பாடு செய்துகொள்ளும்.

மணப்பெண்ணுக்கு எங்கள் ஆசிகள், பெரியவர்களுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
நெல்லையப்பன்

பி.கு.: இதைப் படித்துவிட்டுக் கௌசல்யா சிரிக்கிறாள். "அதுக்கு ரோடு எங்க இருக்குன்னு தெரியாதுப்பா. நீங்க ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புதீங்களோ, அந்தப் பக்கம் வண்டியைக் கொண்டுபோகப் பார்க்கும், அவ்வளவுதான். வழி காட்டினது நீங்களாக்கும்" என்கிறாள். ஆக, அந்தப் பெரிய கை என் கையைப் பார்த்துத்தான் வேலை செய்திருக்கிறது! உம் அக்காள் இந்தத் தடவை பொட்டை என் நெற்றியில் வைத்துவிட்டாள். மாப்பிள்ளையை நானே அழைத்து வருகிறேன்.