என் அக்கா மகளின் மூன்று மாமன்கள்

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறார்கள். வேலைக்கு இண்டர்வியூ வைக்கிறார்கள். ஸ்கூட்டர் ஓட்டக்கூட எட்டு போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். தாய்மாமன் ஆவதற்கு மட்டும் ஒரு தகுதியும் வேண்டியதில்லை. அக்காவுக்குக் குழந்தை பிறந்தால் போதும், நாம் ஓசூரில் லுங்கியைப் போர்த்திக்கொண்டு தூங்கும்போதே பதவி வந்து சேர்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் வந்தது. அந்தப் பதவியைக் குழந்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. (சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகவே குழந்தை வளர்ப்பு பற்றி எல்லாம் தெரிந்திருந்தது.)

எங்களுக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. அக்கா செல்வியைக் கச்சிராயபாளையத்தில், கரும்பு போடும் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவளுடைய முதல் குழந்தை யாழினி. பிறந்ததும் போய்ப் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தாள். தலை நின்ற பிறகு இன்னொரு முறை போனேன். என்னைப் பார்த்ததும் பொக்கை வாயைத் திறந்து அப்படி ஒரு சிரிப்பு. ரத்த பாசம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அது ஃபேனைப் பாத்தும் இதே சிரிப்புதான்டா சிரிக்கும்" என்றாள் அக்கா. பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஓசூருக்குத் திரும்பியதும் வீடியோ காலில் உறவு வளர்ந்தது. கம்பெனிக்குப் போகும் முன் தினமும் கூப்பிடுவேன். கையால் முகத்தை மூடிக்கொண்டு, திடீரென்று எடுத்து, உதட்டை அதிரவிட்டு "டுர்ர்ர்ர்" என்பேன். அவள் கெக்கெக்கென்று சிரிப்பாள். சில மாதத்தில் அவளே எச்சில் தெறிக்க "டுர்ர்ர்" என்று பதில் சொல்லத் தொடங்கினாள். அக்காவின் போன் திரை முழுக்க எச்சில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரூமில் இருந்தவர்களிடமெல்லாம் "என் அக்கா பொண்ணு என்னைப் பாத்துப் பேச ஆரம்பிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் காலத்தில் எனக்குக் கருகருவென்று ஒரு தாடி இருந்தது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்த நாள் குறித்தார்கள். அக்கா புருஷனை நான் மாமா என்பேன். அவர் வீட்டுக் குலதெய்வம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி இறக்க வேண்டும், காது குத்த வேண்டும். அந்த நாளில் தாய்மாமன்தான் ராஜா. பட்டு வேட்டி, மாலை, போட்டோ எல்லாம் உண்டு.

அக்கா போனில் எச்சரித்தாள்.

"டேய் முரளி, பாப்பாக்கு இப்ப ஆளு தெரியுது. புது மொகம் பாத்தா வீறிட்டு அழுவுது. நீ முன்னாடியே லீவு போட்டுட்டு வந்து பழகு."

"நான் இன்னா புது மொகமா? தெனம் பாக்கறா இல்ல?"

"போன்ல பாக்கறது வேற, நேர்ல பாக்கறது வேறடா."

"உனக்குத் தெரியாதுக்கா. நான் வீடியோ பாத்து வெச்சிருக்கேன்."

பார்த்திருந்தது உண்மைதான். ஒரு வீடியோவில் ஒரு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்த வயதில் குழந்தை தன் ஆள், வேற்றாள் என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கும், அது நல்ல வளர்ச்சியின் அடையாளம், வெடுக்கென்று தூக்காதீர்கள், பக்கத்தில் சும்மா உட்காருங்கள், அதுவே வரும் என்றார். அதை நான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். அடுத்து வந்த குட்டி வீடியோவில் ஒருவர் "குழந்தைகளுக்குத் தாடி என்றால் பயம்" என்றார். அது குட்டியாக இருந்ததால் முழுதாகப் பார்த்தேன்.

விசேஷத்துக்கு முந்தின நாள் கள்ளக்குறிச்சியில் பஸ் இறங்கியதும் நேராக ஒரு சலூனுக்குப் போய், தாடி மீசை இரண்டையும் வழித்துவிட்டேன். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ ஒரு ஆள் தெரிந்தான். (எனக்கே யாரோ போலத் தெரிந்தது. அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா?) அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தாள்.

காலையில் கோயிலுக்குப் போக வேன் வந்து நின்றது. யாழினி அக்கா இடுப்பில் இருந்தாள். நான் பட்டு வேட்டி சரசரக்கப் போய், கையால் முகத்தை மூடி, எடுத்து, "டுர்ர்ர்ர்" என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். கீழ் உதடு மெல்லப் பிதுங்கியது. அடுத்து அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

"இன்னாங்க தம்பி பண்ணீங்க? கிள்ளினீங்களா?" என்று ஓடி வந்தார் அக்காவின் மாமியார்.

"இல்லிங்க அத்தை. டுர்ர்னேன்."

"எதுக்கு?"

நான் பட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

அந்த நேரத்தில்தான் என் பெரியப்பா மகன் குமார் வந்தான். கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருப்பவன். கச்சிராயபாளையம் பக்கம் வரும்போதெல்லாம் அக்கா வீட்டில் எட்டிப் பார்த்து, ஒரு ரஸ்க்கைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவான். அவனைப் பார்த்ததும் குழந்தை அழுகையை நிறுத்தி இரண்டு கையையும் நீட்டித் தாவினாள். மாமியார் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரும் மாமன் மொறதானே? கொழந்த அழுவாம இருந்தா சரி. இவரு மடிலயே வெச்சிடலாமே?"

என் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. கூடப் பிறந்தவன் கல்லு மாதிரி நிற்கும்போது பெரியப்பா மகன் மடியில் மொட்டையா? இதைவிட ஒரு அவமானம் எங்கள் ஊரில் கிடையாது. குமார் நல்லவன். "அதெல்லாம் வேணாங்க, முரளியே ஒக்காரட்டும்" என்றான். ஆனால் அவனும் பட்டு வேட்டிதான் கட்டிக்கொண்டு வந்திருந்தான் என்பதை நான் கவனித்தேன்.

வேனில் என்னை டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கண்டிப்பான உத்தரவு: திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் பின்னாலிருந்து வீறல் கிளம்பும், எல்லோரும் ஒரே குரலில் "முன்னாடி பாரு!" என்று கத்துவார்கள். டிரைவர் நடுங்கிப்போய், "யாரச் சொல்றாங்க, என்னையா?" என்று கேட்டார்.

மலை ஏறத் தொடங்கும் முன் எனக்கு ஒரு யோசனை உதித்தது. முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு அக்கா போனுக்கு வீடியோ கால் போட்டேன். குழந்தை போனை ஆசையாகப் பிடுங்கினாள், திரையில் வந்த வழுவழுப்பு முகத்தைப் பார்த்தாள், போனைத் தூக்கி எறிந்தாள். அது மாமாவின் நெற்றியில் பட்டது. முதல் கொண்டை ஊசி வளைவு திரும்பியதும் சிக்னலும் போய்விட்டது.

கோயில் ஒரு பெரிய புளியமரத்தடியில் இருந்தது. பூசாரி, முடி இறக்குபவர், காது குத்தும் ஆசாரி மூவரும் தயாராக இருந்தார்கள். நான் மாலையும் கழுத்துமாகப் பாயில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்தார்கள். அவள் வில்லாக வளைந்து, வழுக்கி, என் தொடையிலிருந்து பாய்க்கும் பாயிலிருந்து மண்ணுக்கும் இறங்கி, தவழ்ந்தே குமார் காலைப் போய்க் கட்டிக்கொண்டாள். மறுபடி தூக்கி வந்தார்கள். மறுபடி போனாள். முடி இறக்குபவர் கத்தியை மடக்கி வைத்துவிட்டார்.

"இப்பிடி துள்ளிக்கினு இருந்தா நான் கத்தி வெக்க மாட்டேங்க. மாமனுக்கு ஆச கீது, சரி. கொழந்த தலைக்கு நான் இல்ல பதில் சொல்லணும்?"

அழுது அழுது அவளுக்கு மூச்சு வாங்கியது. என் கௌரவம் போனால் போகட்டும், குமார் மடியிலேயே வையுங்கள் என்று சொல்ல எழுந்துவிட்டேன். அப்போதுதான் அக்கா குழந்தையைச் சமாதானம் செய்யத் தன் போனில் இருந்த போட்டோக்களைக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் என் பழைய போட்டோ ஒன்று வந்தது, தாடியோடு. யாழினி விக்கிக்கொண்டே அதைத் தட்டினாள். சிரித்தாள். "டுர்ர்ர்" என்றாள்.

மொத்தக் கூட்டமும் போட்டோவைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"தாடிய ஏன்டா எடுத்தே?" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"கொழந்தைக்கு... பயமா இருக்குமேன்னு..."

அக்கா குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்தாள். குழந்தைப் பையைத் துழாவி, திருஷ்டிப் பொட்டு வைக்கும் கண்மை டப்பாவை எடுத்தாள். என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"ஏய், இன்னா பண்ற?"

"வாய மூடு. மை வாய்க்குள்ள பூடும்."

சாமி சந்நிதியில், பட்டு வேட்டியும் ரோஜா மாலையுமாக, உறவு ஜனம் மொத்தமும் சுற்றி நிற்க, என் முகத்தில் தாடி வரைந்தார்கள். அக்கா இடது கன்னம் முடிப்பதற்குள் மாமாவுக்குப் பொறுக்காமல் வலது கன்னத்தை அவர் எடுத்துக்கொண்டார். அவர் கரும்புக்கு மண்வெட்டியால் பார் பிடிக்கிறவர், கைக்கு வேகம் ஜாஸ்தி. ஒரு பக்கம் தாடி காது வரைக்கும் போய்விட்டது. "ரெண்டு பக்கமும் சமமா இல்லியே" என்று பூசாரி வேறு கருத்துச் சொன்னார். போட்டோக்காரர் ஒரு நொடியும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

குழந்தையைக் கொண்டு வந்தார்கள். அழவில்லை. உற்றுப் பார்த்தாள். நான் மூச்சுக்கூட விடாமல் இருந்தேன். மெதுவாக ஒரு விரலை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள். விரல் கருப்பானது. விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இந்த முறை உள்ளங்கையையே வைத்து இழுத்தாள். தாடியில் பாதி அவள் கைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான், சிரிப்பு பொங்கிவிட்டது. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்று நான் இன்றைக்கும் வெளியே சொல்லிக்கொள்கிறேன். உண்மை அதுவல்ல. முகம் கையோடு கழன்று வருகிற ஒரு ஆளை அவள் அதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"இப்பிடியே என் பக்கம் முதுக காட்டி வெச்சிக்கோங்க, ஆடாதீங்க" என்று முடி இறக்குபவர் சட்டென்று வேலையைத் தொடங்கினார். அவள் என் தாடியைப் பறித்துக்கொண்டிருக்க, அவர் அவள் முடியை இறக்கினார். தலையில் தெளித்த தண்ணீர் என் முகத்திலும் வழிந்து, மை கழுத்துக்கு இறங்கி, பட்டுச் சட்டைக்குள் போனது. ஆசாரி காது குத்தியபோது மட்டும் ஒரு அலறல். வலித்த கோபத்தை யார் மேல் காட்டுவது? எதிரே இருந்த என் மூக்கை, புதிதாக முளைத்த இரண்டு பல்லாலும் கடித்தாள். பிறகு அக்காவிடம் தாவிவிட்டாள்.

அங்கிருந்து ஒவ்வொரு மடியாகப் போனாள். அந்தக் கருப்பு உள்ளங்கையும் கூடப் போனது. மாமியாரின் மாம்பழக் கலர் பட்டுச் சேலையில் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. குமாரின் வெள்ளைச் சட்டையில் சரியாக நெஞ்சின் நடுவில், ஓட்டுக் கேட்டு ஒட்டிய சின்னம் மாதிரி, ஐந்து விரலும் பதிந்திருந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். எனக்குப் புத்தி இருந்திருந்தால் முடிந்திருக்கும். சாப்பாட்டுக்கு உட்காரும் முன் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முகத்தை நன்றாகக் கழுவினேன். இப்போதுதான் மருமகளோடு ராசியாகிவிட்டோமே என்ற தைரியத்தில், பளபளவென்று சிரித்துக்கொண்டு வந்து கையை நீட்டினேன்.

மாடு இல்லாத குறைதான். புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன.

மாமியார் சோற்றுக் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டார்: "செல்வி, ஒனக்கு மொத்தம் எத்தினி தம்பி?"

அன்றைக்கு ஆரம்பித்த சிரிப்பு எங்கள் இரண்டு குடும்பத்திலும் இன்னும் அடங்கவில்லை. நான் வருகிறேன் என்று போன் செய்தால், "எந்த மாமன் வராப்ல?" என்றுதான் மாமா கேட்பார். எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், காபி வருவதற்கு முன்பே குமார் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டான். (அந்தப் பெண்ணைத்தான் கட்டினேன். சிரிப்பு நின்ற பிறகு சம்மதம் சொன்னாள்.)

யாழினி இப்போது ஒன்றாம் வகுப்பு. இந்தக் கதையைத் தொட்டில் காலம் முதல் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். போன மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்னாராம். எழுந்து நின்று கணீரென்று சொல்லியிருக்கிறாள்:

"எனக்கு மூணு மாமா, டீச்சர். ஒருத்தரு போன்ல இருக்காரு. ஒருத்தரு மலை மேல கோயில்ல இருக்காரு, அவரு மொகம் தொட்டா கையோட வந்துடும். இன்னொருத்தரு பொங்கலுக்கு மட்டும் பஸ்ல வருவாரு."

"மூணு பேர்ல யாரை ரொம்பப் பிடிக்கும்?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"மலை மேல இருக்கறவருதான், டீச்சர். பஸ்ல வரவரு சுமாரு."