சம்பந்திக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி

மானாம்பதி,
வியாழக்கிழமை.

கனம் பொருந்திய சம்பந்தி, புள்ளலூர் திரு. சாம்சன் அவர்களுக்கு, மானாம்பதி ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆப்பரேட்டர் ஏசுதாஸ் தலை குனிந்து ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்ட கடிதம். கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் மகள் நிஷாவும் சுகம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மா சுகிர்தா அவர்களும், மாப்பிள்ளை பீட்டரும் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன திங்கட்கிழமை தங்களை நானே சாகடித்துவிட்டு, வியாழக்கிழமை சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தாங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டபடியாலும், என் போனை நிஷா பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டபடியாலும் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் கடைசி வரிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் எங்கிருந்து ஆரம்பித்தது என்று தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ‘ஒற்றன் டானியல்’ என்று வெளிநாட்டு உளவாளிப் படம் ஒன்று தமிழில் பேசி வரும். நாற்பது வருஷத்தில் இருபத்திரண்டு படம். முதல் படத்தை நான் உத்திரமேரூர் டென்டு கொட்டாயில் மணலில் உட்கார்ந்து பார்த்தேன். டானியலாக நடிக்கிறவர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள், நான் மாறவில்லை. போன மாசம் வந்த படத்தில் டானியல் கப்பலோடு வெடித்துப் போயிட்டார். அதிலேர்ந்து எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேஜார். அடுத்த படம் எப்படி எடுக்கணும்னு நூத்திப் பத்து பேர் சண்டை போட்டுக்கினு கீறோம், எடுக்கிறவன் எங்கியோ கடலுக்கு அந்தாண்ட கீறான், அவனுக்கு இந்த மானாம்பதி எந்தப் பக்கம்னே தெரியாது. திருப்புட்குழி கோயில் ஆபீஸ்ல வேலை செய்யற பார்த்தா சார், “உடம்பைக் காட்டலியே, அப்போ சாகல, அடுத்த படத்துல தாடியோட வருவார்”ன்றார். அங்கன்வாடி கீதா டீச்சர், “ஆம்பளை ஓடுனது போதும், கூட இருந்த பொண்ணுதான் இனிமே உளவாளி”ன்றாங்க. ஷேர் ஆட்டோ சுகுமார், புதுசா சின்ன வயசு டானியல் வரணும், ஒரு சண்டையாவது நம்ம ஏரிக்கரை மேல வெக்கணும்ன்றான். நான் ஒரே பேச்சுதான் பேசினேன். செத்தவன் செத்தவன்தான், நாப்பது வருசம் ஓடுனவன படுக்க வுடுங்கய்யா, படத்த இதோட முடிங்க. இதுல இன்னா தப்பு சொல்லுங்க?

பார்த்தா சார் வுடல. “செத்ததுக்கு சான்று இன்னா?”ன்னு கேட்டார். சம்பந்தி, உங்களுக்குத் தெரியாதது இல்ல. நம்ம பக்கம் டாக்டரே வந்து சொன்னாலும் ஒருத்தன் செத்துட்டான்னு நம்ப மாட்டாங்க, பஸ்ஸெல்லாம் நிக்கிற கூட்ரோட்ல பிளெக்ஸ் வெச்சாத்தான் நம்புவாங்க. அதனால டானியலுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வெச்சிட்டா அந்தப் பேச்சு அதோட முடிஞ்சிடும்னு நெனச்சேன். பிளெக்ஸ் கடை எல்லப்பன்கிட்ட அன்னிக்கே ரெண்டு ஆர்டர் குடுத்தேன். ஒண்ணு, இந்த ஞாயித்துக்கிழமை நம்ம பசங்க நிச்சயதார்த்தத்துக்கு. அதுக்கு உங்க போட்டோ அனுப்பினேன், நீங்க ஸ்டுடியோ கோட்டு போட்டுக்கினு, கண் ஆபரேஷன் கேம்ப்ல குடுத்த கருப்புக் கண்ணாடியோட எடுத்தது. இன்னொண்ணு அஞ்சலி. அதுக்கு டானியல் போட்டோ, அதுலயும் கோட்டு, கருப்புக் கண்ணாடி. எல்லப்பன் மாத்திப் போட்டுட்டாரு. எல்லாம் அந்த ஆளால வந்த வினை.

பேர் பாத்தாவது தெரியாதான்னு கேப்பீங்க. பேர் வேணாம், அந்த முகமே போதும்னு நான்தான் பெருமையா சொல்லி வெச்சிருந்தேன். “கடமையிலேயே உயிர் நீத்த எங்கள் காவலனே” அப்டின்னு மேல. “மீளாத் துயரில் மானாம்பதி ஏசுதாஸ்” அப்டின்னு கீழ. நடுவுல நீங்க. நீங்க கம்பெனியில செக்யூரிட்டி வேலை செய்யற மனுசன். கடமை, காவலன், கீழ சம்பந்தின்னு என் பேரு, எல்லாம் பொருந்திப் போச்சு. இதுக்கு மேல ஒருத்தன் சாகறதுக்கு இன்னா வேணும்.

திங்கக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு சுகுமார் இருட்டோட இருட்டா பிளெக்ஸக் கட்டிட்டு, நிமிந்துகூடப் பாக்காம சவாரிக்குப் போயிட்டான். ஏழு மணிக்கு உங்க தங்கச்சி செவ்வந்தி பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தவங்க அத பாத்துட்டு ரோட்லயே உக்காந்துட்டாங்க. உங்களுக்குப் போன் பண்ணிப் பாத்திருக்காங்க. உங்க கம்பெனியிலதான் கேட்லயே போன வாங்கி லாக்கர்ல வெச்சிடுவாங்களே, ஸ்விட்ச் ஆப். கம்பெனிக்குப் பண்ணா ஒண்ண அமுத்து, ரெண்ட அமுத்துன்னு இங்கிலீஷ்ல சொல்லுதாம். சேதி வூட்டுக்குப் போனதும் சம்பந்தியம்மா, “நாஷ்டா துன்னுட்டு நல்லாத்தானே போனாரு”ன்னு சொல்லிருக்காங்க. அதுக்கு உங்க தெருக்காரங்க, “பிளெக்ஸே வெச்சிட்டாங்க அண்ணி, மனச தேத்திக்கோங்க”ன்னு சொல்லிட்டாங்க. அத கேட்டதும் அந்தம்மா மயங்கி வுழுந்துட்டாங்க. கோயில் மணி அடிச்சிட்டாங்க. ஷாமியானா வந்துது, சேர் வந்துது, ஐஸ் பெட்டி வந்துது. நீங்க மட்டுந்தான் வரல.

இப்ப நான் சொல்லப் போறது உங்களுக்குத் தெரியாது, எழுதவே வெக்கமா கீது. எனக்கும் ஒம்பது மணிக்கு சேதி வந்துது, “உங்க சம்பந்தி பூட்டாரு, கூட்ரோட்ல பிளெக்ஸ் கீது”ன்னு. நானும் நம்பிட்டேன். நான் வெச்ச பிளெக்ஸ நானே நம்பி அழுதேன் சம்பந்தி. தொட்டி மோட்டார நிறுத்தாம வுட்டுட்டு, ஒரு வேன் பேசி, சொந்தக்காரங்க பதினெட்டு பேர ஏத்திக்கினு கெளம்பிட்டேன். வேன் கூட்ரோட்ட தாண்டும்போது துண்டால மூஞ்ச மூடி அழுதுகினு இருந்ததால பிளெக்ஸப் பாக்கல. உங்க வூட்டு வாசல்ல ஒரு பெரியவரு என் கையப் புடிச்சிக்கினு, “சம்பந்தின்னா இப்டி இருக்கணும், எல்லாருக்கும் மின்னாடி பிளெக்ஸ் வெச்சிட்டியே”ன்னாரு. எவனோ நல்ல மனசுக்காரன் நம்ம பேர்ல வெச்சிருக்கான்னு நெனச்சிக்கினு தலைய ஆட்டினேன். இங்க மானாம்பதியில தொட்டி ரொம்பி வழிஞ்சி, நாலு வூட்டுக்குள்ள தண்ணி பூந்துட்டுது.

அதோட வுட்டிருந்தா கூட பரவால்ல. சாவு வூட்ல உக்காந்துகினு இருக்கும்போது பார்த்தா சார் குரூப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. “பிளெக்ஸ் எங்கப்பா, டானியல் சாக மனசு வரலியா”ன்னு. எனக்குக் கோவம் வந்து, ஷாமியானா ஓரமா போயி, நாலு நிமிசம் அவருக்கு பதில் பேசி அனுப்பினேன். “செத்தவன திருப்பிக் கூட்டியாறது அசிங்கம் சார், போனவன் போனவனாவே இருக்கட்டும்”ன்னு சத்தமா சொல்லிக்கினு திரும்பறேன், பின்னாடி ஜன்னல்ல சம்பந்தியம்மா கையில டிரிப் ஊசியோட என்ன பாத்துக்கினு நிக்கிறாங்க. அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுலயே கீது. அவங்க யாரப் பத்தின்னு நெனச்சாங்களோ.

மூணரை மணிக்கு நீங்க கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்கி, சாப்பாட்டுக் கூடையோட வந்தீங்க. யாரோ உங்க கையில டீயக் குடுத்து, “உக்காருப்பா, பாடி இன்னும் வரல”ன்னான். நீங்க டீயக் குடிச்சிட்டு, “யாரு போயிட்டது?”ன்னு மெதுவா கேட்டீங்க. செவ்வந்திதான் ஓடியாந்து உங்க சட்டையப் புடிச்சிக்கினு அழுதாங்க. அப்பறம் ஒருத்தன் போன்ல அந்த பிளெக்ஸக் காட்டினான். நீங்க கீழ இருந்த என் பேர ரொம்ப நேரம் பாத்தீங்க. “உயிரோட கீறவன் யாரு, செத்தவன் யாருன்னு தெரியாத வூட்ல எம்புள்ளைக்குப் பொண்ணு எடுக்க மாட்டேன்”னு சொன்னீங்க. கத்தி சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன், நீங்க கத்தல.

சம்பந்தி, நிஷா தாயில்லாப் பொண்ணு. பீட்டர் தம்பியத் தவிர வேற யாரையும் நெனச்சதில்ல. அன்னிலேர்ந்து என்கிட்ட பேசறதில்ல, சோறு மட்டும் வெக்கிறா. பிளெக்ஸ நானே ஏறி அவுத்துட்டேன். குரூப்ல இருந்தும் வெளிய வந்துட்டேன், டானியல் செத்தா இன்னா பொழச்சா இன்னா. தப்பு கடைக்காரர் செஞ்சது, ஒரு அவசரத்துல நடந்துபோச்சு. அதுக்குப் பசங்கள தண்டிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம் நடக்கணும். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், புள்ளலூர்ல எல்லார் மின்னாடியும் உங்க கால்ல வுழறேன்.

கர்த்தர் தங்களுக்கு நீண்ட ஆயுசையும், சம்பந்தியம்மாவுக்கு நல்ல பெலத்தையும், மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரத்தையும் கட்டளையிடுவாராக. நீண்ட ஆயுசு என்று எழுதியதில் உள்குத்து எதுவும் இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மன்னிப்பை நம்பியிருக்கும்
ஏசுதாஸ்

பி.கு: இந்த லெட்டர நிஷா எடுத்து படிச்சிட்டா. மூணு நாளுக்கு அப்பறம் இப்பத்தான் பேசினா. “நைனா, உண்மைய எழுது, இல்லன்னா இத ஒட்டாத”ன்னா. எல்லப்பன் மேல தப்பு இல்ல சம்பந்தி. அவரு ஞாயித்துக்கிழமையே பிளெக்ஸ் எப்டி வரும்னு படம் அனுப்பி, “அண்ணா, முகம் இதானா, ஒருதரம் பாத்து சொல்லு”ன்னு கேட்டாரு. நான் பாத்தேன். பார்த்தா சாருக்கு பதில் பேசிக்கினே பாத்தேன். கோட்டு கீது, கண்ணாடி கீது, என் பேர் சரியா கீதான்னு ரெண்டு தரம் பாத்துட்டு, சூப்பர்னு போட்டு அனுப்பிட்டேன். நாலு டானியலையும் முதுகக் காட்டி நிக்க வெச்சாக்கூட யாரு யாருன்னு சொல்லிடுவேன். நீங்க எங்க வூட்டுக்கு நாலு தடவ வந்திருக்கீங்க, எதிர்ல உக்காந்து சாப்ட்டிருக்கீங்க, நாலு தடவயும் நான் போனப் பாத்துக்கினு இருந்தேன். உங்க முகம் எனக்குத் தெரியல. குரூப்ல இருந்து வெளிய வந்துட்டேன்னு எழுதனதும் பொய். வரல, அதனாலதான் நிஷா போனப் புடுங்கினா. நீங்க சொன்னது சரிதான், இந்த வூட்ல பொண்ணு எடுக்கலாமான்னு கேட்டா எடுக்கலாம்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. தபால் வேணாம், நானே எடுத்துக்கினு போறேன்னு நிஷா செருப்பப் போட்டுக்கினு நிக்கிறா. அவ மேல தப்பு இல்ல. ரெண்டு பஸ் மாறி வெயில்ல வருவா, உள்ள கூப்ட்டு உக்கார வெச்சி தண்ணி குடுங்க.