குறை சொல்ல ஆளில்லாத கார்

ஒரு குடும்பம் கார் வாங்கும் முன் அது நம்பகமான காரா என்று விசாரிப்பது நல்ல வழக்கம். விசாரிக்காமல் வாங்கியவர்கள் பின்னால் வருத்தப்படுகிறார்கள். விசாரித்து வாங்கியவர்களும் வருத்தப்படத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வருத்தம் முறைப்படி வந்த வருத்தம்.

இதை ஆட்சேபணையாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய அலுவலகம் ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒருவராவது குறை சொல்லாத கோப்பில் அவர் கையெழுத்துப் போட்டதே கிடையாது. “எல்லாரும் சரின்னு சொல்றாங்கன்னா, எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறாங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். ஓய்வு பெற்ற அன்று நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, வழக்கத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மனைவியைத் தெருவே அம்மா என்றுதான் கூப்பிடும். அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வெளியூரில் இருக்கும் மகளுக்கு இது நிறைமாசம். பஸ் மாறி, பஸ் மாறி அங்கே போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிடும். வலி எடுக்கும்போது பக்கத்தில் நின்று மகளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு கார் வேண்டும். தெருவில் பலர் வைத்திருக்கும் அந்தச் சாதாரணக் குடும்பக் காரே போதும்.

“என்னங்க, பக்கத்து வீட்டுப் பல் டாக்டரம்மாகிட்ட இருக்கறதும் அதுதான். ஒரு நாள்கூட நின்னதில்லையாம்.”

“அதுதான் எனக்கு இடிக்குது” என்றார் ஆட்சேபணையார்.

மறுநாளே விசாரணை தொடங்கியது. முதல் சாட்சி பல் டாக்டரம்மா.

“உங்க வண்டியில என்ன குறை?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நிஜமாவே இல்ல சார்.”

“அப்போ வண்டி கெட்டுப்போற விஷயத்துல உங்களுக்கு அனுபவம் போதாது” என்று அவரை மரியாதையாகத் தள்ளுபடி செய்துவிட்டு, முக்குக்கடை மெக்கானிக்கிடம் போனார்.

“அந்த வண்டியா? அது என் கடைப்பக்கமே வர்றதில்ல சார். எல்லாரும் அதையே வாங்கினா நான் கடையை மூடிட்டு ஊர் சுத்தப் போகவேண்டியதுதான்.”

“ஆக, நீ அதை ரிப்பேர் பண்ணினதே இல்ல.”

“இல்ல சார்.”

“ரிப்பேரே பண்ணாதவன் அந்த வண்டியைப் பத்தி எப்படிக் கருத்துச் சொல்லலாம்?”

மெக்கானிக்கும் தள்ளுபடி.

அடுத்து மகனை நியமித்தார். வேலைக்குப் போகும் வளர்ந்த பிள்ளை. போனில் கார் வீடியோ பார்ப்பதில் கரை கண்டவன். எல்லா வீடியோவிலும் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அந்தக் காரின் கதவை விரலால் தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். அப்புறம், “ஃபீல் இல்லை” என்பார்.

“ஃபீல்னா என்னப்பா?” என்று கேட்டாள் அம்மா.

“அது இருந்தா தெரியும்மா. இல்லேன்னா ரொம்ப நல்லாத் தெரியும்.”

இப்படி விசாரணை நேர்த்தியாக நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் மகளிடமிருந்து போன் வந்தது. வலி எடுத்துவிட்டது. அம்மா ‘கடவுளே’ என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்டுவிட்டது. பல் டாக்டரம்மா தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆட்சேபணையார் முன்சீட்டில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“நிறுத்துங்க! ஏதோ கிலுகிலுங்குது.”

நிறுத்தினார்கள். அவர் சட்டைப்பையில் இருந்த வீட்டுச் சாவிக்கொத்துதான் அது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டயர்களை ஒவ்வொன்றாக முறைத்துவிட்டுத்தான் ஏறினார்.

கொஞ்ச தூரம் போனதும், “நிறுத்துங்க, கருகற வாசனை.” ரோட்டோரத்தில் யாரோ குப்பை எரித்துக்கொண்டிருந்தார்கள்.

“என்னங்க, அங்க பொண்ணு நான் இல்லாமத் துடிச்சுக்கிட்டு இருப்பா” என்று பின்சீட்டிலிருந்து அம்மா கெஞ்சினாள். ஆட்சேபணையார் குனிந்து முன்பலகையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு முகம் மாறியது.

“நிறுத்துங்க! ஒரு சத்தமும் காணோம். இன்ஜின் ஓடுதான்னு பாருங்க!”

ஓடும் வண்டியை ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக மூன்றாவது முறை நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரிப் படியேறும்போது நர்ஸ் துணியில் சுற்றிய பேத்தியோடு எதிரே வந்தார். “கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? உங்க பொண்ணு அம்மா அம்மான்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

அம்மா குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆட்சேபணையார் நர்ஸின் பின்னால் வந்த மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “நாங்க எப்பவோ வந்திருப்போம் மாப்பிள்ளை. வண்டி நடுவழியில மூணு தடவை நின்னுடுச்சு.”

ஊராரை வாயைத் திறக்கச் சொல்லியே பழகிய பல் டாக்டரம்மா, அன்று தன் வாயை மூட மறந்து நின்றார்.

ஒரு வழியாகக் கண்ணால் கண்ட சாட்சி கிடைத்துவிட்டது. தீர்ப்பு அன்றைக்கே தெருவுக்கு வந்து சேர்ந்தது. சொன்னவர் ஓய்வு பெற்ற அதிகாரி ஆயிற்றே! பல்லைக் காட்ட வந்தவர்களெல்லாம், “நீங்க இன்னுமா அந்த வண்டியில போறீங்க?” என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு டாக்டரம்மாவுக்கே பயம் பிடித்துவிட்டது. இத்தனை நாள் நிற்காதது எல்லாம் சேர்த்து ஒரே நாளில் நின்றுவிட்டால்? கிடைத்த விலைக்கு அதைத் தள்ளிவிட்டார்.

ஆட்சேபணையார் வேறு கார் வாங்கினார். அப்போது புதிதாக வந்திருந்த உயரமான கார். கதவைத் தட்டினால் அபாரமான ஃபீல். அதைப் பற்றி ஊரெல்லாம் குறை சொன்னது: கிளம்பினால் சூடாகும், சூடானால் நிற்கும், மழையில் கண்ணாடி ஏறாது. “ஒளிவுமறைவே இல்லாத வண்டி” என்று அவர் பூரித்துப்போனார். அவரைப் பார்த்துத் தெருவே அதை வாங்கியது. பல் டாக்டரம்மாவும் வாங்கினார்.

பேத்திக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தது. “இந்தத் தடவையாவது நேரத்துக்கு வந்துடும்மா” என்று மகள் சொல்லியிருந்தாள். பாதி வழியில் கார் புகைவிட்டு நின்றது. கொஞ்சம் தள்ளிப் பார்த்தால், அதே மாதிரிக் கார்களில் வந்த தெருக்காரர்கள் வரிசையாக பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்கள்.

“பாத்தியா, ஊர் சொன்ன மாதிரியே நின்னுச்சு” என்றார் ஆட்சேபணையார் பெருமையோடு. “சொன்ன சொல் தவறல. இதுக்குப் பேருதான் நம்பகம்.”

அப்போது பின்னாலிருந்து பல் டாக்டரம்மாவின் பழைய கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் மெக்கானிக். தெருக்காரர்களின் புதுக் கார்களை ரிப்பேர் செய்து சம்பாதித்ததில் அதை வாங்கியிருந்தான்.

“ஊசி போடற நாளாச்சே, ஏறுங்கம்மா. உங்களை விட்டுட்டு வந்து இவங்களைப் பாக்கறேன். இந்த வண்டிங்க எங்கயும் போயிடாது.”

அம்மா கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

“ஏறாதே!” என்று அலறினார் ஆட்சேபணையார். “அதுல என்ன கோளாறுன்னு உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாது!”

“ஆமாம்மா, சார் சொல்றதைக் கேளுங்க” என்றார்கள் புகைக்குள் நின்றவர்கள்.

அம்மாவின் ஒரு கால் வண்டிக்குள். ஒரு கால் ரோட்டில். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவளுக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. குனிந்து மெல்லக் கேட்டாள்.

“ஏன் தம்பி, இதுல சின்னதா ஏதாவது ஒரு குறை இருக்கா?”

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு நொடி யோசித்தான்.

“ஹார்ன் மட்டும் தொண்டை கட்டின மாதிரி இருக்கும்மா.”

“அப்படிச் சொல்லு!” என்று அம்மா நிம்மதியாக மூச்சு விட்டு, இன்னொரு காலையும் உள்ளே எடுத்துவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.