வலப்பக்கம் மட்டும் திரும்பிய ஜீப்

எதையும் கழற்ற அறிவு தேவையில்லை, ஸ்பேனர் இருந்தால் போதும். எண்பதுகளில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு செஞ்சியில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் ஸ்பேனர் இருந்தது.

அக்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் பேசலாம் என்றார் நைனா. எங்கள் அரிசி மண்டி ஜீப் இருக்கும்போது வாடகையா என்று நான் குதித்தேன். அந்த ஜீப்பில் ஸ்டியரிங் ஷாஃப்டின் மேல்முனை தேய்ந்துபோய், நாம் திருப்பி வெகுநேரம் கழித்துத்தான் சக்கரத்துக்குச் சேதி போகும்.

"நானே கழட்டி சரி பண்றேன் நைனா."

"திரும்ப மாட்டத் தெரியுமாடா?"

"இன்னா நைனா, நான் டிப்ளமோ!" (அரியர் விஷயம் அவருக்குத் தெரியாது.)

கழற்றினேன். ஷாஃப்டின் அடியில் இருக்கும் மரையில் ஒரு பல்சக்கரம் கோத்திருக்கும். பழைய இடத்திலேயே கோக்காவிட்டால் வண்டி ஒரு பக்கம்தான் திரும்பும். ஆகவே மரையில் ஒன்று, பல்லில் ஒன்று என்று குங்குமத்தால் அடையாளம் வைத்தேன். கிரீஸில் அருமையாக ஒட்டியது.

கை கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா வந்திருந்தாள்.

"வெள்ளிக்கிழம அதுவுமா ஒத்தப் பொட்டா வெப்பாங்க? நான் நெறைய வெச்சிட்டேன்!"

மரை முழுக்க, பல் முழுக்கப் பொட்டு. லேத்துக்காரர் மேல்முனையை வெல்டு வைத்து நிரப்பிக் கடைந்தார். அவரும் பக்தர், ஒரு பொட்டைக்கூட அழிக்கவில்லை. நான் குத்துமதிப்பாகக் கோத்து மாட்டினேன். தெருவில் நேராக ஓட்டிப் பார்த்தேன். நேராகப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு, ஜீப்பை நான்தான் ஓட்டினேன். நாலரைக்கு ராகு காலம், அதற்குள் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். கோயிலை வலம் வந்தோம். எல்லாமே வலப்பக்கத் திருப்பம், ஜீப் வெண்ணெயாகத் திரும்பியது. மண்டபம் இடப்பக்கம். மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே உள்ளே திரும்பினார்கள். நாங்கள் திரும்பவில்லை.

"மச்சான், மண்டபம் தாண்டிருச்சே?" என்றார் மாப்பிள்ளை.

"இன்னொரு சுத்து வந்தா விசேஷம் மாமா."

இரண்டாம் முறையும் மேளமில்லாமல் தாண்டினோம். பின்சீட்டில் இருந்த அவருடைய பெரியப்பா கறாரானவர். ஆரத்திக்கு முன்னால் மாப்பிள்ளை கீழே இறங்கக் கூடாது, வந்த வழியே வண்டியைத் திருப்பவும் கூடாது என்றுவிட்டார். மண்டபத்து மாடி ஜன்னலில் அக்கா அழுதுகொண்டிருந்தாள்.

"புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போவலாமில்ல!"

அது தெருவுக்கே கேட்டது. எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

மூன்றாம் முறை நைனா நடுத்தெருவில் நின்று ஜீப்பை மறித்தார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பந்தலில் உட்கார்ந்திருந்த மண்டி ஆட்களைக் கூப்பிட்டார்.

"மூட்டன்னு நெனச்சித் தூக்குங்கடா!"

மாப்பிள்ளை, பெரியப்பா, நான் மூவரும் உள்ளே உட்கார்ந்திருக்க, ஜீப்பின் முன்பக்கத்தைத் தூக்கி மண்டபத்தைப் பார்க்க வைத்து, உள்ளே தள்ளினார்கள். ஆரத்தி தட்டு சுற்றி முடிக்கவும் நாலரை ஆகவும் சரியாக இருந்தது.

இன்றைக்கும் அக்காவுக்கும் மாமாவுக்கும் சண்டை வந்தால் பஞ்சாயத்து என்னிடம்தான் வரும். மாமா ஒரே வாக்குமூலம்தான் தருவார்.

"நான் பாட்டுக்குத் தாண்டித் தாண்டிப் போய்க்கினுதான்டா இருந்தேன். உங்க ஊட்டு ஆளுங்கதான் தூக்கினு வந்து உள்ள தள்ளுனீங்க."