மகராசி காட்டிய வழி

கூண்டு திறந்து கிடந்தது. மகராசியைக் காணோம்.

எலிப் பயிற்சியாளர் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். மகராசி லேசுப்பட்ட எலி இல்லை. மண்ணுக்கடியில் கிடக்கும் கண்ணிவெடியை மோந்தே கண்டுபிடித்து, அந்த இடத்தைப் பிறாண்டிக் காட்டும் பெரிய சாதி எலி. அலுவலகக் கொட்டகைக்குக் கூரை மாற்றுகிறார்கள் என்று ஒரே ஒரு ராத்திரிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இதோ, வேன் வருகிற நேரம். எலியைத் தொலைத்தவனுக்கு வேலை மிஞ்சாது.

"சத்தம் போடாம தேடுங்க," என்றாள் மனைவி. "அம்மாகிட்ட முயல்னு சொல்லி வெச்சிருக்கேன். எலின்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸுல கிளம்பிடுவாங்க."

"அவ்வளவு சுலபமாவா போயிடுவாங்க?"

அவள் முறைத்த முறைப்பில் அவர் மேஜைக்கடியில் புகுந்தார்.

மாமியாருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாது; இந்தத் தடவை அதை ஊரிலேயே மறந்துவைத்துவிட்டு வந்திருந்தார். காது மட்டும் பாம்புக் காது. என்ன தேடுகிறீர்கள் என்று அவர் கேட்க, மோதிரம் என்று உளறிவைத்தார் இவர்.

"நாங்க போட்ட மோதிரமா?"

அவ்வளவுதான். மாமியாரும் களத்தில் இறங்கிவிட்டார். பாத்திரங்கள் உருண்டன. வெளிச்சம் போதவில்லை என்று சாக்கடைப் பக்கத்துக் கதவையும் விரியத் திறந்துவைத்தார். இவர் பாய்ந்து சாத்துவதற்குள் மகராசி வெளியே ஓடியிருந்தால்?

நல்லவேளை, அரிசி டிரம்முக்குப் பின்னால் சரசரவென்று சத்தம். தடித்த வால் தெரிந்தது. கோணிச் சாக்கோடு மேலே விழுந்து அமுக்கினார். கட்டைவிரலில் நறுக்கென்று ஒரு கடி.

என்றைக்கும் கடிக்காத பிராணி. பாத்திரச் சத்தத்தில் மிரண்டிருக்கும் என்று தேற்றிக்கொண்டார். மார்பில் கட்டியிருந்த சிவப்புப் பட்டையையும் எங்கோ உதறிவிட்டிருந்தது. மாற்றுப் பட்டையை மாட்டுவதற்குள் இன்னும் இரண்டு கடி. வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

கண்ணிவெடி தேட வேண்டிய வயலில் மேலதிகாரி காத்திருந்தார். வழக்கமாக அடிக்கு அடி மோந்து மோந்து நகரும் மகராசி, அன்றைக்குக் கயிற்றை இழுத்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடியது. போனது, வந்தது. வாழைப்பழத்தைக் காட்டிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புதுப் பட்டை இறுக்குகிறது போலிருக்கிறது என்றார் பயிற்சியாளர். ஓர் இடத்தில்கூட அது பிறாண்டவில்லை.

மேலதிகாரிக்கு வாயெல்லாம் பல். "சுத்தமான நிலம். என்ன வேகம்யா உன் எலி. நீ நடந்து காட்டிடு."

அது அங்கே மாறாத வழக்கம். எலி சுத்தம் என்று சொன்ன நிலத்தில் முதலில் கால்வைக்க வேண்டியவர், அந்த எலியைப் பழக்கியவர்தான்.

வேலை தப்பியது என்ற நிம்மதியில், விதிப்படி போனை வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். நட்டநடு வயலுக்கு வந்தபோது கரையிலிருந்து டிரைவரின் குரல் கேட்டது.

"சார், உங்க மாமியார் பேசறாங்க. முயல் அவங்க துணிப்பையில சொகுசா தூங்குதாம், மார்ல சிவப்புப் பட்டைகூட இருக்காம். கேரட் குடுக்கலாமான்னு கேக்கறாங்க."