கிணற்றுக்குள் ரோமாபுரி

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை. சொன்னவர் அன்றைக்குப் பண்ணைப்புரத்துக் கிணற்று மேட்டில் நின்றவராக இருக்கலாம். எதற்கு வம்பு?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அங்கே ஆரம்பப் பள்ளி வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்திரண்டு. உலக சரித்திரம் பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்திருந்தேன் (அதிலும் கடைசி அறுபது பக்கத்தைக் கரையான் படித்துவிட்டது). வேலுச்சாமி என்ற விவசாயி தன் தோட்டத்தில் கிணறு வெட்டினார். மூன்று ஆள் ஆழம் போனதும் பக்கத்து மண் சரிந்து, நடுச்சுவரில் பெரிய தாழி ஒன்று தெரிந்தது. அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழி. 'ரோமாபுரிக் கப்பல் வியாபாரி ஒருவர் எங்கள் ஊரில் அடக்கமாகியிருக்கிறார்' என்று உடனே சென்னைக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் ஓடையில் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்பது எனக்குத் தடையாகப் படவில்லை.

சென்னையிலிருந்து தொல்பொருள் அதிகாரி வந்தார். முதல் காரியமாகப் பதினைந்து நாள் யாரும் கிணறு வெட்டக்கூடாது என்றார். வேலுச்சாமியின் மிளகாய் நாற்று அந்தக் கிணற்றில் வரப்போகும் தண்ணீரை நம்பித்தான் நின்றது. அவர் மனைவி இருளாயி கையில் பண்ணரிவாளோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"கடிதம் எழுதியவர் நீர்தானே? இறங்கிப் பார்த்துச் சொல்லும்" என்றார் அதிகாரி.

இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். மறுமுனையைப் பிடித்திருந்தது வேலுச்சாமியும் இருளாயியும்! தாழிக்கு நேரே அந்தரத்தில் தொங்கினேன். பிடரியில் மண் உதிர்ந்தது. தாழிக்குள் இருட்டு. உள்ளே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

"ரோமாபுரி வேலைப்பாடு, ஐயா!" என்று அலறினேன்.

"அது இருக்கட்டும். பானை எந்த ஊர் மண்?"

மேலிருந்து இருளாயிதான் பதில் சொன்னார்.

"நம்ம கம்மா மண்ணுதாங்க. மண்ணோட மேல வந்த ஓட்டுச் சில்லத் தொட்டுப் பாத்தேன், மினுமினுன்னு மணலு கெடக்கு. எங்க வீட்டு அடுப்பும் அந்த மண்ணுதான்."

அதிகாரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உள்ளே வெளிநாட்டுப் பாசிமணி கிடைத்தால் கடல் தாண்டிப் பார்ப்போம், வாத்தியாரே. பானைக்குக் கண்மாய் போதும்" என்று சொல்லிவிட்டு, கண்மாயைப் பார்க்க நடந்தே போய்விட்டார். நான் தொங்கிக்கொண்டிருந்தேன். கயிறு அசையவில்லை.

"வாத்தியாரே, வேலைய நிறுத்திட்டாக. எங்க நாத்துக்கு யாரு தண்ணி ஊத்துவா?" என்றார் மேலிருந்து இருளாயி.

"தூக்கிவிடுங்கம்மா, மேலே வந்து பேசிக்கலாம்!"

"இங்கனயே பேசுவோம்."

"சீக்கிரம் கேளு புள்ள, கையி நோகுது" என்றார் வேலுச்சாமி. எனக்கு உயிரே போய்விட்டது.

"நான் ஊத்துறேன்! பதினஞ்சு நாளும் நானே ஊத்துறேன்!"

அதற்குப் பிறகுதான் கயிறு மேலே நகர்ந்தது.

பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் ஓடையிலிருந்து, காவடிபோல் கம்பில் இரண்டு குடம் கட்டித் தண்ணீர் சுமந்தேன். என் மாணவர்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள் (வகுப்பில் ஒருநாளும் அப்படி உட்கார்ந்ததில்லை). நாற்று பிழைத்தது. என் வலது தோள் இன்றுவரை நிமிரவில்லை. அதிகாரி எழுதிய குறிப்பில் கண்மாய் மண் இடம்பெற்றது. என் கப்பலைக் காணோம்.

இன்றைக்கும் நான் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டு, "உலகத்தில் என்ன நடக்கிறது தெரியுமா?" என்று ஆரம்பித்தால், என் மனைவி எழுந்துபோய் வெறுங்குடம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குக் கிளம்பிவிடுவேன்.