கப்பலைப் படுக்க வைத்த விஷயமாக

தாபோடி, புனே–12
14.10.2003

மாட்டுங்கா சம்பந்தி ஸ்ரீ சங்கரன் அவர்களுக்கு, பட்டாபிராமன் அநேக நமஸ்காரம். தாங்கள், மாமி, சுஷ்மா எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இவ்விடம் அனைவரும் க்ஷேமம் என்று அடுத்த வரியில் எழுதுவது வழக்கம். எழுதினால் பொய். இவ்விடம் ஒருவரும் க்ஷேமமில்லை. எனக்கு வாயு, ரமாவுக்கு மௌனம், தங்கள் மாப்பிள்ளை பத்ரிக்குத் தாடி.

டெலிபோனிலேயே பேசிவிடலாம் என்றுதான் பார்த்தேன். இரண்டு தரம் தாங்களே எடுத்து ‘ஹலோ’ என்றீர்கள். “நான்தான், பூனாவிலேருந்து” என்றதும் லைன் போய்விட்டது. மூன்றாம் தரமும் போனபோது, லைன் தானாகப் போகவில்லை என்று எனக்கே புரிந்தது. ஆகையால் கடிதம். தீபாவளி நெருங்கிவிட்டது. பத்ரிக்கும் சுஷ்மாவுக்கும் இது தலைதீபாவளி. பெண்ணைப் பெற்றவர்கள் முறையாக அழைத்தால்தான் மாப்பிள்ளை வர முடியும். அழைப்பும் வரவில்லை, விஜயதசமிக்கு மறுநாள் தாயாரோடு ரயிலேறிப் போன சுஷ்மாவும் வரவில்லை. நடந்ததை மாமி தங்களிடம் ஒரு பக்கமாகத்தான் சொல்லியிருப்பார். இன்னொரு பக்கம் கப்பலுடையது. அதற்காகப் பேச என்னை விட்டால் ஆளில்லை.

முதலில் கப்பலைப் பற்றி. முழங்கால் வலியால் தாங்கள் கொலுவுக்கு வராததால் பார்த்திருக்க மாட்டீர்கள். ட்ரிங்கோமலீ என்று பெயர். நம் திருகோணமலைதான், வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1817-ல் தங்கள் பம்பாயில், மலபார்த் தேக்கில், பார்சி மேஸ்திரிகள் கட்டிய பாய்மரப் போர்க்கப்பல். அசல் இன்றைக்கும் இங்கிலாந்தில் மிதந்துகொண்டிருக்கிறது. நகல்தான் என் வீட்டில் முழுகிக் கிடக்கிறது. நான் ராணுவப் பொறியியல் கல்லூரியில் ட்ராஃப்ட்ஸ்மனாக இருந்து ரிட்டயரானவன் என்று ஜாதகத்தோடு எழுதி அனுப்பியிருந்தேன். எழுதாதது ஒன்று உண்டு. வேலைக்காலம் பூராவும் பாலம் பாலமாக வரைந்தேன். பயிற்சிக்கு வருகிற ஆபீசர்கள் அதைப் பார்த்து ஆற்றின் மேல் பாலம் கட்டுவார்கள், பெரிய ஆபீசர் வந்து கைதட்டுவார், மறுநாள் காலையில் அத்தனையும் பிரித்துக் கட்டுக்கட்டாக லாரியில் ஏற்றிவிடுவார்கள். நான் வரைந்த எதுவும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. ரிட்டயரான அன்றைக்குக் கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்துக்கு, இதோ நிற்கிறது என்று காட்ட ஒரு சாமான் கிடையாது. ஒன்றாவது நிற்கட்டும் என்றுதான் கப்பலை ஆரம்பித்தேன்.

ஆரம்பித்ததோ இல்லையோ, பீடையும் கூடவே ஆரம்பித்தது. டிம்பர் மார்க்கெட்டில் இஸ்மாயில் பாய் கடைக்குப் போய் விரல் கனத்தில் தேக்கு வேண்டும் என்றேன். “இது மரக்கடை மாமா, பட்டை கிராம்புக் கடை பக்கத்துத் தெருவில்” என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ஆகவே வீட்டிலிருந்த தேக்கையே உபயோகிக்கும்படி ஆயிற்று. முதலில் என் டிராயிங் போர்டு போயிற்று. அப்புறம் ரமாவின் புடவை அலமாரியில் ஒரு தட்டு. புடவைகள் கீழ்த்தட்டில் சௌகரியமாகத்தான் இருக்கின்றன. அப்புறம், மேல்தளத்துக்குப் போதாமல், கல்யாணத்தில் தாங்கள் சீராகக் கொடுத்த மணைப்பலகை இரண்டில் ஒன்று. (இது மாமிக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம்.) பீரங்கிகளுக்காக பத்ரியின் பேனாக்களைப் பிரித்து ரீஃபில் முனைகளை எடுத்துக்கொண்டேன், ஹிஞ்சேவாடி ஆபீசில் ஏதோ பெரிய மீட்டிங்கில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தானாம், வெறும் குழாய்தான் இருந்ததாம். பாய்களுக்கு என் வேஷ்டி. எங்கள் குடியிருப்பு சொசைட்டிப் பையன்கள் கணபதி டெகரேஷனுக்குக் கப்பலைக் கேட்டு வந்தார்கள், பிள்ளையாரை அதில் உட்கார வைக்கப்போவதாக. பாரம் தாங்காது என்றேன். அன்றிலிருந்து தண்ணீர் டேங்கர் வந்தால் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள், எங்கள் வீட்டை மட்டும் தாண்டிப் போகிறார்கள். கப்பல் இருந்த பின்னறையிலேயே என் படுக்கையையும் போட்டுக்கொண்டேன், ஏனென்றால் பசை காய்வதற்குள் பல்லி நடந்துவிடும், ஆள் காவல் வேண்டும். ரமா ஒரு தரம் வாசற்படியில் வந்து நின்று, “இன்னிக்காவது உள்ள வந்து படுத்துக்கப்படாதா?” என்றாள். மேல்தளம் ஈரமா இருக்கு என்றேன். போய்விட்டாள். அப்புறம் அவள் கேட்கவுமில்லை, தொந்தரவுமில்லை.

இப்போது மரப்பாச்சிக்கு வருகிறேன். அசல் கப்பலின் மூக்கில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் உருவம் உண்டு. வரைபடத்திலேயே இருக்கிறது, நானாகச் சேர்த்ததில்லை. செதுக்கிப் பார்த்தேன். எத்தனை தரம் செதுக்கினாலும் ஆள் வரவில்லை, கத்தரிக்காய்தான் வந்தது. அப்போதுதான் சுஷ்மாவுக்குத் தாங்கள் சீரோடு கொடுத்தனுப்பிய மரப்பாச்சி ஜோடி கண்ணில் பட்டது. ஆண் பொம்மை உள்ளங்கை நீளம், செம்மரம், தலையில் அசல் தலைப்பாகை. அளவுக்குக் கொஞ்சம் பெரிசு. ட்ராஃப்ட்ஸ்மனாக அது என்னை உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் ஒட்டிவிட்டேன். காய்ந்தால் யானை இழுத்தாலும் வராத பசை. சுஷ்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் ஒட்டினேன். “ஓகே அப்பா” என்றாள். நல்ல பெண் சம்பந்தி, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது.

கொலுவில் நாலாம் படி முழுவதும் கப்பலுக்கு வேண்டியிருந்தது. தசாவதாரத்தை ட்ரங்குப் பெட்டி மேல் இறக்கினேன். மச்சத்தையும் கூர்மத்தையும் மட்டும், தண்ணீர் சம்பந்தம் உள்ளவர்கள் என்பதால், கப்பலுக்குப் பக்கத்தில் நிற்க அனுமதித்தேன். பெண் மரப்பாச்சி மேல்படியில், கலசத்துக்குப் பக்கத்தில் நின்றது. கடைசி மூன்று நாளைக்கு என்று மாமி வந்து இறங்கினார், செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை, முதல் பார்வை அங்கேதான் போயிற்று. “என்ன மாமா இது, ஆம்படையா மேல ஒண்டியா நிக்கறா, ஆம்படையான் கப்பல் மூக்குல தொங்கறான்?” என்றார். “வேலைக்குப் போயிருக்கான் மாமி” என்றேன். வெற்றிலை பாக்குக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமிகூடக் கொஞ்சம் சிரித்தார். ரமா மட்டும் சிரிக்கவில்லை. சுண்டல் பற்றாமல் போய்விடுமோ என்று அவளுக்குக் கவலை. சிரித்துவிட்டு மாமி சும்மா இருந்தாரா என்றால் இல்லை. “புதுசாக் கல்யாணமானவா ஆத்துல ஜோடியைப் பிரிச்சு வைக்கப்படாது மாமா” என்று காபி கொடுத்தாலும் சொன்னார், சாதம் போட்டாலும் சொன்னார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்து, ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் அகத்தில் மரப்பாச்சி ஜோடியைப் படுக்க வைப்பது வழக்கம். அந்த நேரம் பார்த்து ரமா, கற்பூரம் தீர்ந்துபோயிற்று என்று என்னைக் கடைக்கு அனுப்பினாள். நான் கற்பூரத்தோடு திரும்பி வருகிறேன், ஆரத்தி ஏற்கெனவே முடிந்திருக்கிறது, கற்பூரம் ஏது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால், ஐயோ சம்பந்தி, நாலாம் படியில் என் கப்பல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது! அடியில் மடித்த பட்டுத்துண்டு. மூக்குக்குப் பக்கத்தில் பெண் மரப்பாச்சி. நடுப் பாய்மரம் மேல்படி விளிம்பில் இடித்து முறிந்து, முன்னதையும் பின்னதையும் கூடவே கூட்டிக்கொண்டு போயிருந்தது. கயிறெல்லாம் வெந்த சேமியா மாதிரித் தொங்குகிறது. பக்கத்தில் ஆரத்தித் தட்டோடு நிற்பது யார்? மாமி. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? நான் இரண்டே வார்த்தைதான் சொன்னேன்.

சரி, இரண்டு வார்த்தையில்லை. “இது பொம்மையில்ல மாமி, கப்பல்! கப்பலைச் சாய்ச்சா அதுக்குப் பேர் தூங்கறதில்ல, முழுகறது!” என்று கத்தினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “உங்காத்து மனுஷா கால் வச்சதுலேருந்து இந்த ஆத்துல ஒண்ணும் நேரா நிக்கமாட்டேங்கறது” என்றும் சொல்லிவிட்டேன். பாய்மரத்தை நினைத்துக்கொண்டு சொன்னது. சமையலறை வாசலில் சுஷ்மா நிற்பதை நான் பார்க்கவில்லை. அவளுக்குத் தமிழ் அரைகுறை, பத்ரியோடு பேசுவதுகூட ஹிந்தியிலும் இங்கிலீஷிலும்தான். இந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படித்தான் முழுசாகப் புரிந்ததோ, முகம் செத்துவிட்டது. மாமி தட்டைக் கீழே வைத்தார், ரமாவை ஒரு தரம் பார்த்தார், பெட்டி கட்டப் போய்விட்டார்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் குக்கர்தான் சத்தம் போடுகிறது. பத்ரி விடிந்ததும் கம்பெனி வண்டியில் போகிறான், சாப்பாடெல்லாம் அங்கேயே. என்னோடு சண்டை போட்டாலாவது பரவாயில்லை. “லீவ் இட் அப்பா” என்கிறான். மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு செல்போனில் பேசுகிறான். இவன் குரல்தான் கேட்கிறது. நடுவில் நிறுத்திக் காத்திருக்கிறான், மறுபடி இவனேதான் பேசுகிறான். நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். கொலுப்படியை இன்னும் பிரிக்கவில்லை. செட்டியாரும் செட்டிச்சியும் தூசி படிந்த பருப்போடு கடை திறந்து வைத்திருக்கிறார்கள். நான் கப்பலைத் தொடவில்லை. பசை இருக்கிறது, மரம் இருக்கிறது, கை வரமாட்டேன் என்கிறது. ரமா தட்டில் சாதத்தைப் போட்டு என் முன்னால் வைக்கிறாள், ரசமா மோரா என்று கேட்பதில்லை, இரண்டையும் வைத்துவிட்டுப் போகிறாள்.

இவ்வளவையும் யோசித்து நான் வந்திருக்கும் முடிவாவது: கப்பலைச் சாய்த்தது தமது தவறுதான் என்று மாமி ஒரு வரி எழுதினால் போதும். நானும் பெரிய மனசு பண்ணி, சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். தாங்கள் தலைதீபாவளிக்கு அழைக்கலாம், பத்ரியும் தாடியை எடுத்துவிட்டு வருவான், திரும்பும்போது சுஷ்மாவை அழைத்துக்கொண்டு வரட்டும். பழசை யாரும் பேச வேண்டாம். பேசினாலும் பாய்மரத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

சுஷ்மாவுக்கு என் மனப்பூர்வமான ஆசீர்வாதம். தீர்க்க சுமங்கலியாக, புருஷனோடு ஒரே ஊரில் இருக்க வேண்டும். தங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவும். மாமிக்கு நமஸ்காரம் சொல்வதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்குப் பாதி நமஸ்காரம் சொல்லவும்.

இப்படிக்கு,
பட்டாபிராமன்

பி.கு. கவரை ஒட்ட ரமாவிடம் சோற்றுப்பசை கேட்டேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, நின்றபடியே கடைசி வரை படித்தாள். விஜயதசமிக்கு அப்புறம் இன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள்.

“மாமி ஆரத்திதான் எடுத்தா. படுக்க வச்சது நான்.”

நீயா, ஏன் என்றேன்.

“கொலு பூராவும் அந்தப் பொண்ணு ஒண்டியா நின்னுது. அவன் அவ கண்ணுக்கு எதிர்லயே கப்பலோட ஒட்டிண்டு கெடந்தான். என்னால பார்க்க முடியல. உங்களைக் கடைக்கு அனுப்பிச்சுட்டு அவனைப் பிரிச்சு எடுக்கப் பார்த்தேன், வரலை. கப்பலோட சாய்ச்சாவது ஒரு ராத்திரி பக்கத்துல படுக்கட்டும்னு சாய்ச்சேன்.”

பாய்மரம் ஒடியும்னு தெரியாதா உனக்கு என்றேன்.

“தெரியும்” என்றாள்.

பொம்மையைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்ள ரொம்பப் பாடுபட்டேன். முடியவில்லை, சம்பந்தி.

மாமிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. என் முன்னால் ரமா தலைகுனியக் கூடாது என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு ரயிலேறியிருக்கிறார். மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப்போட்டுவிடலாம் என்றேன். “கிழிக்கப்படாது. யாரை என்னென்ன சொன்னேள்னு அவாளுக்கும் தெரியட்டும்” என்று ரமா பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆகையால் எல்லாப் பக்கமும் வருகிறது. மாமிக்கு முழு நமஸ்காரம். சாஷ்டாங்கமாக.

அழைப்புக்குக் காத்திருக்கப்போவதில்லை. சனிக்கிழமை காலை வண்டியில் பத்ரியும் நானும் புறப்பட்டு வருகிறோம். கதவைத் திறந்தால் போதும், காபிகூட வேண்டாம். சுஷ்மாவிடம் நான் சொன்ன வாக்கியத்துக்கு நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஹிந்தியில் எப்படிக் கேட்பது என்று பத்ரியைக் கேட்டு வைத்திருக்கிறேன். ஆண் மரப்பாச்சியைக் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டேன். முதுகில் ஒரு சில்லு போய்விட்டது. பெண் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறேன், சுஷ்மா வந்து எடுத்து உள்ளே வைக்கிற வரைக்கும் படியைப் பிரிப்பதாக இல்லை. கப்பல் படுத்தபடியே இருக்கட்டும்.

இதை எழுதும் முன் என் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனேன். ரமா தன்னுடையதைக் கொஞ்சம் நகர்த்தி இடம் பண்ணினாள். கோபம் போயிற்றா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.